சாட்டை கற்பித்த பாடம்: பெங்களூருத் தெருக்களில் பம்பரம், புகுரி, லட்டூ

பம்பரத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கட்டையைப் பற்றியே எழுதுகின்றனர். எந்த மரம், எந்த ஊர்க் கடைசல், எந்த வண்ணம் என்பனவே பேசப்படுகின்றன. இதற்கு எளிய காரணம் உண்டு. கட்டை அருங்காட்சியகப் பேழையில் தங்கும். சாட்டை சில மாதங்களில் நைந்துபோகும். சாட்டையைச் சுண்டிய கையின் அசைவோ எங்கும் தங்காது. ஆனால் ஆடியவர்களுக்குத் தெரியும், கட்டை எல்லோரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆட்டக்காரரைத் தனித்துக் காட்டியது சாட்டை. சாட்டை வித்தைகள் எவ்வாறு கற்கப்பட்டன, எவ்வாறு கூர்மை பெற்றன, எதனால் அருகின என்பவற்றைப் பெங்களூருவை மையமாக வைத்து நோக்குவது பயனுள்ளது. ஏனெனில் ஒரே விளையாட்டு நான்கு மொழிகளில் வழங்கிய நகரம் இது.

1809-இல் ஆங்கிலேயர் இங்குப் படைமுகாம் அமைத்தபோது தமிழ் பேசும் படைவீரர்களும் தொழிலாளர்களும் வணிகர்களும் பெருமளவில் குடியேறினர். அல்சூர், சிவாஜிநகர் போன்ற பகுதிகளில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் தக்கனி உருதும் அடுத்தடுத்த வாசல்களில் ஒலித்தன. பழைய பேட்டையும் படைமுகாமும் 1949-இல் ஒரே மாநகராட்சியாக இணைந்த பின்னரும் இந்தப் பன்மொழி வழக்கு தொடர்ந்தது. ஆகவே ஒரே கட்டைக்கு இந்நகரில் நான்கு பெயர்கள்: தமிழில் பம்பரம், கன்னடத்தில் புகுரி, தெலுங்கில் பொங்கரம், உருதில் லட்டூ. (கடைசிச் சொல்லைத் தமிழ் எழுத்தில் குறுக்கி எழுதினால் தின்பண்டமாகிவிடும்.) வடக்கே போனால் பெயரிடும் நோக்கே மாறுகிறது. மராத்தியின் போவ்ரா, குஜராத்தியின் பமர்டோ, சத்தீஸ்கரியின் பௌன்ரா ஆகியவை வண்டைக் குறிக்கும் ‘பிரமரம்’ என்ற வடசொல்லோடு தொடர்புடையவை. சுழற்சியும் ரீங்காரமும் சேர்ந்து வண்டை நினைவூட்டியிருக்கின்றன.

பெயர்களைவிட ஒரு வினைச்சொல் இங்கு அதிகம் உதவுகிறது. தமிழில் ‘கடைதல்’ என்ற சொல் தயிரைக் கடைவதையும் குறிக்கும், மரத்தைக் கடைசல் பிடிப்பதையும் குறிக்கும். இரண்டு தொழில்களுக்கும் அடிப்படை ஒன்றே: ஓர் அச்சு, அதைச் சுற்றிய கயிறு, கயிற்றை இழுக்கும் கை. மத்தில் கயிறு மாறி மாறி இழுபடுகிறது. பழைய கைக்கடைசலில் வில்லின் நாண் அச்சைச் சுற்றி முன்னும் பின்னும் ஓடுகிறது. பம்பரத்தில் கயிறு ஒரே முறை இழுபட்டு அச்சை விட்டு விலகிவிடுகிறது. மந்தர மலையை மத்தாகவும் வாசுகியைக் கயிறாகவும் கொண்ட பாற்கடல் கதை வழங்கும் பண்பாட்டில், பம்பரம் தனியொரு விளையாட்டுப் பொருளாகத் தோன்றியதாகக் கருதத் தேவையில்லை. அடுக்களையும் பட்டறையும் ஏற்கெனவே அறிந்திருந்த ஓர் அசைவைத் தெருப் பிள்ளைகளும் அறிந்திருந்தார்கள்.

அந்தப் பட்டறை பெங்களூருவுக்கு அருகிலேயே இருக்கிறது. மைசூருச் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னபட்டணத்தில் வெட்பாலை இனத்தைச் சேர்ந்த மென்மையான வெண்மரம் கடைசலில் ஏற்றப்படுகிறது. கன்னடத்தில் அதனை ஆலெ மரம் என்பர். மரம் சுழலும்போதே வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகின்றனர். உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகிப் படிகிறது. பிறகு தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுகின்றனர். இக்கைவினையைத் திப்பு சுல்தானின் ஆதரவோடு மரபு இணைத்துப் பேசுகிறது. 2000-களின் நடுவில் சென்னபட்டணப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இக்குறியீட்டைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

இனி ஆட்டம். தமிழ்நாட்டிலும் தமிழர் வாழும் பிற ஊர்களிலும் பரவலாக அறியப்பட்ட வடிவம் இது. மண்ணில் ஒரு வட்டம் கீறப்படும். எல்லோரும் ஒரே நேரத்தில் பம்பரத்தை விடுவார்கள். விட்ட உடனே, சுழன்றுகொண்டிருக்கும் பம்பரத்தைச் சாட்டையால் மேலே தூக்கிக் கையில் பிடிக்க வேண்டும். இதற்கு ‘அபீட்’ என்று பெயர். ஊருக்கு ஊர் ஒலிப்பு சற்று மாறும். கடைசியாக எடுத்தவர், அல்லது எடுக்க முடியாமல் போனவர், தம் பம்பரத்தை வட்டத்துக்குள் வைக்க வேண்டும். மற்றவர்கள் ஆணி முனையால் அதன்மேல் குத்துவார்கள். குத்தில் விழும் வடு ‘ஆக்கர்’ எனப்படும். வட்டத்தை விட்டு வெளியே தள்ளப்படும் வரை அந்தக் கட்டை அடி வாங்கிக்கொண்டே இருக்கும். சில வேளைகளில் பிளந்தும் போகும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. சாட்டையால் தூக்கும் வித்தை இந்த ஆட்டத்தில் அழகுக்காகச் செய்யப்படவில்லை. அது விதியின் ஒரு பகுதி. வித்தை தெரியாதவரின் பம்பரம் உடையும். காசு சேர்த்து வாங்கிய பொருளைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே வழி, மற்றவரைவிட அரை நொடி முன்னதாக அதைக் கையில் ஏந்துவது. கற்பதற்கு இதைவிட வலுவான தூண்டுதல் ஒரு சிறுவனுக்குத் தேவையில்லை.

அபீட் எடுப்பதில் இரண்டு முறைகள் உண்டு. முதலாவதில் பம்பரம் தரையில் நின்று சுழலும். ஆட்டக்காரர் சாட்டையை ஒரு வளையமாக்கி ஆணியைச் சுற்றிக் கொடுத்துச் சட்டென்று மேலே சுண்டுவார். பம்பரம் எழும்பி உள்ளங்கையில் வந்து சுழலும். இரண்டாவதில் பம்பரம் தரையைத் தொடுவதே இல்லை. விடும்போதே சாட்டையின் கடைசிச் சுற்று பிரியும் கணத்தில் கை பின்னோக்கி இழுக்கப்படும். பம்பரம் காற்றில் திரும்பிக் கைக்கே வந்து சேரும். இன்று உலகெங்கும் பம்பர ஆர்வலர்கள் இந்த இரண்டாம் வகையை, எறிந்தவரிடமே திரும்பிவரும் வளைதடியின் பெயரால் ‘பூமராங்’ என்கின்றனர். தெருவில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே பெயர்தான். விளைவு ஒன்றாக இருந்ததால் பெயரும் ஒன்றாகவே இருந்தது.

இந்த வித்தையைச் செம்மைப்படுத்துவது என்றால் எதைச் செம்மைப்படுத்துவது? முதலில் சுற்று. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள சாட்டையைச் சராசரியாக 1.5 சென்டிமீட்டர் ஆரமுள்ள கட்டையில் சுற்றினால் ஏறத்தாழ 16 சுற்றுகள் வரும். அந்தப் பதினாறும் நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அமைய வேண்டும். ஒரு சுற்று தளர்ந்தாலும் இழுக்கும் விசை அங்கே வீணாகிக் கட்டை கவிழும். மெல்லிய கயிற்றில் சுற்றுகள் கூடும், பிடிமானம் குறையும். தடித்த கயிற்றில் பிடிமானம் கூடும், சுற்றுகள் குறையும். கயிறு விரலை விட்டு நழுவாமலிருக்க அதன் நுனியில் முடிச்சிடுவதும், சோடா மூடியைத் தட்டையாக்கிக் கோப்பதும் வழக்கம். அடுத்தது, இழுக்கும் கணம். மூன்றாவது, அச்சின் சாய்வு. வேகமாகச் சுழலும் பொருள் தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. அதனால் விடும்போது கொடுத்த சாய்வு பிடிக்கும் வரை ஏறக்குறைய அப்படியே நிற்கும். இந்த இயல்பைச் சிறுவர்கள் சமன்பாடின்றி அறிந்திருந்தார்கள். பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டைக் கூடங்களில் உருவாகி 1975 ஏப்ரல் 19 அன்று ஏவப்பட்ட ஆரியபட்டா செயற்கைக்கோளும் தன்னைத் தானே சுழற்றியே நிலைபெற்றது என்பதை இங்கு நினைவுகூரலாம்.

நான்காவது கூறு ஆணி. இதில்தான் ஆட்டத்துக்கும் வித்தைக்கும் உள்ள முரண்பாடு வெளிப்படுகிறது. ஆக்கர் வைக்கக் கூரிய ஆணி வேண்டும். ஆனால் கூரிய ஆணி மண்ணைத் துளைத்து நிற்கும், சாட்டையைக் கிழிக்கும், உள்ளங்கையைக் குத்தும். முனை மழுங்கி உருண்டையாக இருந்தால், தரையோடு ஏற்படும் உராய்வே சாய்ந்த பம்பரத்தை மெல்ல நிமிர்த்திவிடும். பிறகு அது அசைவே இல்லாததுபோல் நின்று சுழலும். அந்த நிலையை ஆங்கிலமும் பிரெஞ்சும் பம்பரத்தின் ‘தூக்கம்’ என்கின்றன. சாட்டை வித்தைக்கு ஏற்றது இந்த மழுங்கிய முனை. தெருவில் ஒரே பம்பரம் இரண்டு வேலைகளையும் செய்தாக வேண்டியிருந்ததால், ஆணியைக் கல்லில் தேய்த்து இரண்டுக்கும் நடுவே ஒரு முனையைக் கண்டறிவது தனித் திறனாக இருந்தது. தெருவில் வித்தைகள் சிலவாகவே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். ஆட்டம் வித்தையைப் பிறப்பித்தது. அதே ஆட்டம் அதன் எல்லையையும் வரைந்தது.

இவற்றை யாரும் வாய்மொழியாகப் பாடம் நடத்திக் கற்பித்ததில்லை. உடலின் பழக்கங்களும் ஒரு சமூகம் கையளிக்கும் நுட்பங்களே என்று பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1934-இல் ஆற்றிய உரையில் வாதிட்டார். ஜீன் லேவும் எட்டியன் வெங்கரும் 1991-இல் வெளியிட்ட நூலில், கற்றல் என்பது ஒரு குழுவின் விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நகர்வதே என்றனர். பம்பர வட்டத்துக்கு இவ்விரு கருத்துகளும் அப்படியே பொருந்தும். பம்பரம் இல்லாத சிறுவன் முதலில் வேடிக்கை பார்க்கிறான். பிறகு பெரியவனுக்குச் சாட்டை சுற்றித் தருகிறான். பிறகு உடைந்த கட்டையொன்றை வைத்து ஓரத்தில் பழகுகிறான். வட்டத்துக்குள் அனுமதிக்கப்படும்போது அவனுக்குச் சுற்று ஏற்கெனவே கைவந்திருக்கும். வெவ்வேறு வயதினர் ஒரே இடத்தில் கூடியதுதான் இந்தப் பள்ளியின் அடிப்படை. இந்தப் பள்ளியின் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வட்டம் பெரும்பாலும் சிறுவர்களுடையது. சிறுமியருக்குத் தெருவும் மைதானமும் அந்த அளவுக்கு வாய்க்கவில்லை. மரபு விளையாட்டின் இழப்பைப் பேசும்போது, அந்த மரபுக்குள் யார் இருந்தார்கள் என்ற கேள்வியையும் சேர்த்தே பேசுவது நேர்மை.

சாட்டை வித்தை ஆட்டத்திலிருந்து பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் ஒரு விடை தருகிறது. இன்றைய ஃபுகுவோகாவின் பகுதியான ஹகாட்டாவில் இரும்பு அச்சுள்ள பம்பரம் உருவாகி, 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் மேடைக்கலையாக வளர்ந்தது. எதிரியின் கட்டையைக் குத்த வேண்டிய தேவை அங்கில்லை. அதனால் அச்சும் முனையும் நிகழ்த்துதலுக்காகவே செதுக்கப்பட்டன. வாளின் விளிம்பில் பம்பரத்தை நடத்துவது, விசிறியின் ஓரத்தில் ஓட்டுவது, இழுத்துக் கட்டிய நூலின்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செலுத்துவது என ஒவ்வொரு வித்தைக்கும் தனிப் பெயர் ஏற்பட்டது. எடோ நகரின் ஆசகுசாவில் மட்சுயி கென்சுய் என்ற பெயரைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கியவர்கள், பம்பரம் ஆடிக் கூட்டம் சேர்த்து மருந்து விற்றனர். 1870-களில் டோக்கியோவில் பொறியியல் கற்பித்த ஜான் பெர்ரி, பின்னர் 1890-இல் லீட்ஸ் நகரில் தொழிலாளர்களுக்காகப் பம்பரங்களைப் பற்றி ஆற்றிய புகழ்பெற்ற உரையில் ஆசகுசாவை நினைவுகூர்ந்தார். சுழல் இயக்க அறிவியலைப் பொதுமக்களுக்குக் கொண்டுசென்ற அந்த உரையின் பின்னணியில் தெருக்கலைஞர்களின் கையும் இருக்கிறது.

இரண்டாம் விடை வணிகத்திலிருந்து வருகிறது. பிலிப்பைன்ஸில் பிறந்து கலிஃபோர்னியாவில் குடியேறிய பெத்ரோ ஃபுளோரஸ் 1928-இல் அங்கு யோ-யோ தயாரிக்கத் தொடங்கினார். அவருடைய யோ-யோவில் கயிறு அச்சில் இறுகக் கட்டப்படவில்லை. வளையமாகச் சூழ்ந்து நின்றது. அதனால் யோ-யோ கீழே இறங்கி அங்கேயே சுழன்று நிற்க முடிந்தது. இந்த ஒரு மாற்றத்தால் வித்தைகள் பெருகின. விரைவில் டொனால்ட் டங்கன் அந்தத் தொழிலை வாங்கி, செயல்விளக்கக் கலைஞர்களை ஊர் ஊராக அனுப்பினார். அவர்களில் பலர் பிலிப்பைன்ஸ்காரர்கள். அவர்கள் விற்றது பொம்மை மட்டுமன்று. வித்தைகளின் பட்டியலையும் சேர்த்தே விற்றனர். நாயை நடத்துதல், தொட்டில் ஆட்டுதல், உலகம் சுற்றுதல் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர், வரிசை, போட்டியில் அதற்கொரு இடம். டங்கன் நிறுவனம் பம்பரமும் விற்றது. இன்றைய பம்பர ஆர்வலர்களின் பண்பாடு பெரிதும் இந்த யோ-யோ மரபைப் பின்பற்றுகிறது. அவர்கள் பயன்படுத்தும் நெகிழிப் பம்பரங்கள் பலவற்றில் முனைக்குள் குண்டுத் தாங்கி பொருத்தப்பட்டிருக்கும். முனை தனியாகவும் உடல் தனியாகவும் சுழல்வதால், கயிற்றின்மேல் நிற்கும்போது முனை கயிற்றை முறுக்குவதில்லை. ஆணிப் பம்பரத்தில் ஒரு நொடி நிகழும் வித்தை இதில் பல நொடிகள் நீளும். நீளும் நேரத்தில் புதிய அசைவுகள் பிறக்கின்றன.

இந்த ஒப்பீட்டிலிருந்து மொழியியல் சார்ந்த ஒரு கருத்தை முன்வைக்கலாம். மேடையும் வணிகமும் ஒவ்வோர் அசைவுக்கும் தனிப் பெயர் வைத்தன. பெயர் இருந்ததால் வித்தையைத் தனியே எடுத்துப் பழகவும், கேட்டுப் பெறவும், தொலைவிலுள்ளவருக்குச் சொல்லவும் முடிந்தது. தெரு ஆட்டமோ விளைவுக்கே பெயர் வைத்தது: தப்பித்தால் அபீட், வடு விழுந்தால் ஆக்கர். இரண்டுக்கும் இடையில் கை செய்யும் பத்துப் பன்னிரண்டு நுண்ணசைவுகளுக்குத் தனித்தனிச் சொற்கள் பரவலாக வழங்கவில்லை. வட்டம் கூடியவரை அது குறையாகத் தெரியவில்லை. கண்ணால் பார்த்தே கற்க முடிந்தது. வட்டம் கலைந்ததும், பெயரில்லாதவை முதலில் மறைந்தன.

பெங்களூருவில் வட்டம் கலைந்ததற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. பம்பரத்துக்கு மண்தரை வேண்டும். தாரும் சிமென்ட்டும் ஆணியை வழுக்கிவிடும், கட்டையைச் சிதைக்கும். தெருவோரம் வாகன நிறுத்தமாகிவிட்டது. பள்ளி நேரத்துக்குப் பின் வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் கண்காணிப்பின்றிக் கூடும் நேரமும் சுருங்கிவிட்டது. இதற்கிடையில் பம்பரம் என்ற பொருள் அழியவில்லை. சென்னபட்டணத்தின் வண்ணப் பம்பரங்கள் பெங்களூருவின் கைவினைக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி விரலால் திருகிவிடும் சிறு பம்பரங்கள்; ஆணியும் இல்லை, சாட்டையும் இல்லை. பாதுகாப்பான பொம்மையை நாடும் பெற்றோருக்கு அவை உகந்தவை, கைவினைஞருக்கு வருவாய் தருபவை. அதில் குறைகாண ஏதுமில்லை. ஆயினும் முன்னர் சொன்ன புவிசார் குறியீட்டின் எல்லை இங்கே புலப்படுகிறது. அது செய்பொருளையும் செய்யும் ஊரையும் காக்கிறது. அந்தப் பொருளை ஆட்டுவித்த கையின் அறிவைக் காப்பது அதன் வேலையன்று. யுனெஸ்கோ 2003-இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை, பொருளாக இல்லாத பண்பாட்டு மரபுகளையும் காக்க வேண்டியவையாக ஏற்றது. சாட்டை வித்தை அந்த வரையறைக்குள் அடங்கும். அதற்காக முன்வந்து பேசும் குழுதான் வேண்டும்.

அரசு முனைந்தால் ஆட்டத்தை மீண்டும் களத்துக்குக் கொண்டுவர முடியும் என்பதற்குச் சத்தீஸ்கர் ஒரு சான்று. 2022-இல் அம்மாநில அரசு நடத்திய சத்தீஸ்கரிய ஒலிம்பிக்கில் பௌன்ராவும் ஒரு போட்டியாக இடம்பெற்றது. போட்டி பொதுவெளியில் ஒரு மேடையைத் தருகிறது. ஆனால் கற்றலுக்கு மேடை மட்டும் போதாது. இன்று பம்பரம் பழகும் இளைஞர் மெதுவாக ஓடும் காணொளியைப் பார்த்து, இழுக்கும் கணத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்துக் கற்கிறார். அது பழைய வட்டம் தராத வசதி. ‘சுற்று தளர்ந்திருக்கிறது’ என்று தோளருகே நின்று சொல்லும் ஒருவர் காணொளியில் இல்லை. தொலைவிலிருந்து கற்பவர்களும் ஒத்த ஆர்வமுள்ளோரைத் தேடிக் கூடுவது இதனால்தான்.

மொழியியல், நாட்டார் வழக்காற்றியல் மாணவர்களுக்கு இங்கு உடனடியான வேலை ஒன்று உண்டு. 1960-களிலும் 70-களிலும் பெங்களூருத் தெருக்களில் ஆடியவர்கள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். அவர்களிடம் சொற்களை மட்டும் கேட்டுப் பதிவு செய்தால் போதாது. கையில் சாட்டையைக் கொடுத்து, ஆடச் சொல்லி, ஒவ்வோர் அசைவிலும் நிறுத்தி, ‘இதற்கு என்ன சொல்வீர்கள்?’ என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் உருதிலும் கேட்க வேண்டும். எந்த மொழி எந்த அசைவைப் பிரித்துக் காட்டுகிறது, எந்தச் சொல் வீடு தாண்டி அடுத்த மொழிக்குப் போனது என்பன அப்போது தெரியவரும். அகராதிகளில் பம்பரம் ஒரு பெயர்ச்சொல்லாகவே நிற்கிறது. அதன் வினைச்சொற்கள் இன்னும் தொகுக்கப்பட வேண்டியவை.

அப்படித் தொகுக்கும்போது ஒரு சொல்லைத் தேடி அலைய வேண்டியிராது. ஓரிடத்திலிருந்து நழுவியவரை ‘அப்பீட் ஆகிவிட்டார்’ என்று தமிழ்ப் பேச்சு வழக்கு இன்றும் சொல்கிறது. வட்டத்திலிருந்து பம்பரத்தைத் தூக்கி ஆபத்தை விட்டு விலகியவரின் நிலை அந்தப் பொருளோடு நன்றாகப் பொருந்துகிறது. பம்பரத்தைக் கையில் தொட்டிராத தலைமுறையும் அச்சொல்லைத் தயக்கமின்றிப் பயன்படுத்துகிறது. அதோடு சேர்ந்த கை அசைவைச் செய்துகாட்டக்கூடியவர்கள் இன்னும் இந்நகரில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கப் போவதற்கான காலம் இதுவே.